லீவு நாட்களை எண்ணிப் பாருங்கள், தம்பி

பட்டாளத்து வீட்டுக் கடிதங்கள்: கேள்வி பதில்

இந்த முறை மூன்று கடிதங்களை எடுத்திருக்கிறேன். மூன்றும் ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் இருந்து வந்தவை. முதல் கடிதம் நீளம், என் பதில் அதைவிட நீளம். மற்ற இரண்டு பேருக்கும் இடம் குறைந்துபோயிற்று என்றால் அந்தத் தம்பியைத் திட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்காவுக்கு வணக்கம். நான் தரைப்படையில் நாயக், ஹவில்தாருக்கு ஒரு படி கீழே. 2011 செப்டம்பரில் சேர்ந்தேன். வருகிற செப்டம்பரில் 15 ஆண்டு முடிகிறது. இப்போது காஷ்மீர்ப் பக்கம் ஃபீல்டில், குடும்பத்தை வைத்துக்கொள்ள முடியாத இடத்தில் இருக்கிறேன். சொந்த ஊர் உச்சிப்புளிக்குப் பக்கத்தில். மனைவியும் பிள்ளைகளும் என் அம்மாவோடு ஊரில் இருக்கிறார்கள். மகளுக்கு 5 வயது, மகனுக்கு 2. போன லீவு முடிந்து கிளம்புகிற அன்று என் ஷூவில் ஒன்றைக் காணோம். வீடெல்லாம் தேடினோம். மகள் அதைக் கொண்டுபோய்க் கோழிக்கூட்டுக்குள் தள்ளியிருந்தாள், அடைக்கோழி அதன் மேல் உட்கார்ந்திருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் ராமநாதபுரம் ஸ்டேஷன் வரை தொண்டை அடைத்துக்கொண்டே இருந்தது. 15 முடிந்ததும் பென்ஷனோடு வந்துவிடுங்கள் என்கிறாள் மனைவி. மச்சான் கத்தாரில் செக்யூரிட்டி வேலைக்கு விசா எடுத்துத் தருகிறேன் என்கிறார். எங்கள் சுபேதார் சாப், ‘ஹவில்தார் கேடரை முடி, அப்புறம் பேசு’ என்கிறார், பதவி உயர்வுக்கான பயிற்சி அது. அடுத்த ஆண்டு யூனிட் பீஸ் ஸ்டேஷனுக்கு இறங்குகிறது, குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம். ஆனால் அம்மாவுக்குச் சர்க்கரை, மூட்டுவலி. ஊரை விட்டு வரமாட்டேன் என்கிறார். அடிப்படைச் சம்பளம் 34,300. நான் என்ன செய்யட்டும்? (பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, கோழிக்கூட்டு ஷூ கதையை எங்கள் வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். ‘எந்த ஷூ, டிஎம்எஸ்ஸா?’ என்று பட்டாளத்து பூட்ஸின் பெயரைச் சொல்லிக் கேட்டார். பட்டாளத்துக்காரருக்குக் கவலை எங்கே போகிறது பாருங்கள்.

உங்களுக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். அவர் சிக்னல்ஸில், அதாவது தரைப்படையின் தகவல் தொடர்புப் பிரிவில் இருந்தார். 1984-ல் சேர்ந்து, 2001-ல் 17 ஆண்டு முடித்து நாயக்காகவே வெளியே வந்தார். அப்போது மகளுக்கு 9 வயது, மகனுக்கு 5. ‘பிள்ளைகளைப் பார்க்க வேண்டாமா, போதும் இந்தப் பிழைப்பு’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வரச்சொல்லி நச்சரித்தவள் நான்தான், மறைக்கவில்லை. கறுப்புப் பெட்டியில் வெள்ளைப் பெயின்டில் நம்பரும் பெயரும் எழுதி, ஹோல்டாலோடு வந்து இறங்கினார். சேது எக்ஸ்பிரஸ் அப்போது மீட்டர் கேஜில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மாதம் வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு பனங்காட்டுக்குள் போய் நுங்கு வெட்டிக் கொடுப்பார். மாலையில் பிள்ளைகள் வரிசையாக நிற்க, ‘சாவ்தான், விஷ்ராம்’ என்று டிரில் நடக்கும்.

அப்புறம் கையில் இருந்த காசு பேச ஆரம்பித்தது. பென்ஷனில் ஒரு பகுதியைக் கம்யூட் செய்து, அதாவது மாதாமாதம் வாங்காமல் முன்கூட்டியே வாங்கி, வந்த மொத்தத் தொகையை, சொந்தக்காரர் ஒருவரோடு கூட்டாக ஒரு வல்லத்தில், மீன்பிடிப் படகில் போட்டார். அவர் வீட்டில் பரம்பரையாகப் பனைத்தொழில், கடல் தெரியாது. லடாக் பனியில் நின்ற மனுஷன் கரையில் இருந்து இரண்டு ஆள் ஆழத் தண்ணீர் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்தார். ஒரு வாடைக்காற்றுக் காலத்தில் இன்ஜின் போயிற்று, பங்காளியும் போய்விட்டார். அதன் பிறகு சென்னையில் ஒரு செக்யூரிட்டி கம்பெனியில் சேர்ந்தார். 12 மணி நேர டூட்டி. வார லீவு என்று ஒன்று கிடையாது. லீவு போட்டால் சம்பளம் வெட்டு, மாற்று ஆளையும் நாமே தேடித்தர வேண்டும்.

2003-ம் ஆண்டு அவர் வீட்டில் தூங்கிய நாட்களை நான் தினசரி காலண்டர் தாளில் பென்சிலால் குறித்து வைத்தேன். 23 நாள். (இதை எழுதும்போது எட்டிப் பார்த்து, ‘26’ என்கிறார். சரி, 26 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.) பட்டாளத்தில் இருந்தபோது ஆண்டு லீவு, கேஷுவல் லீவு எல்லாம் சேர்த்து, பயணத்தில் கழிந்தது போக, எழுபது எண்பது நாளாவது வீட்டில் இருந்தார். பிள்ளைகளைப் பார்க்க வந்த மனுஷனைப் பிள்ளைகள் முன்னைவிடக் குறைவாகத்தான் பார்த்தார்கள்.

அதனால் உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஒரு காகிதத்தை எடுத்து ஒவ்வொரு வழிக்கும் எதிரே ஆண்டுக்கு எத்தனை இரவு பிள்ளைகள் இருக்கிற வீட்டில் தூங்குவீர்கள் என்று எழுதுங்கள். இப்போது உங்களுக்கு 60 நாள் ஆண்டு லீவு, 30 நாள் கேஷுவல். ஃபீல்டில் முழுசாகக் கிடைக்காத ஆண்டும் உண்டு என்பது உங்களுக்கே தெரியும். கத்தாருக்குப் போனால்? ஆண்டுக்கு ஒரு மாதம் விட்டால் நல்ல முதலாளி. இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை வந்துபோகிறவர்களை நம் கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் கேட்டுப் பாருங்கள். வாப்பா வந்து இறங்குகிற அன்று பிள்ளை உம்மாவின் முந்தானைக்குள் ஒளிகிற கதை அங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறது. உங்கள் மச்சான் நல்ல மனசில்தான் சொல்கிறார். ஆனால் பிள்ளைக்காகப் பட்டாளத்தை விடுகிறேன் என்று கிளம்பி அங்கே போய் நின்றீர்கள் என்றால், உங்கள் மகள் அடுத்த ஷூவை எங்கே ஒளிப்பாள்?

பீஸ் ஸ்டேஷன் வழிக்கு எதிரே எழுதுங்கள். கோர்ஸ், எக்சர்சைஸ், கார்டு டூட்டி எல்லாம் கழித்தாலும் இருநூற்றைம்பது இரவுக்குக் குறையாது. 1997-ல் இருந்து 99 வரை நாங்கள் செகந்திராபாத்தில் இருந்தோம். இரண்டு அறைக் குவார்ட்டர்ஸ், ஒழுகுகிற சமையல்கட்டு, அடுத்த வீட்டில் பஞ்சாபி. மகளை சைக்கிள் பாரில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத்தான் யூனிட்டுக்குப் போவார். அப்பாவைப் பற்றி அவள் இன்றைக்கும் சொல்வது அந்த சைக்கிளைத்தான். பாரில் சுற்றியிருந்த துண்டு எந்த நிறம் என்பது வரைக்கும் சொல்வாள். பச்சை. நான் நீலம் என்றுதான் நினைத்திருந்தேன்.

இப்போது காசுக் கணக்கு. 15 ஆண்டு முடித்தால் உங்களுக்குப் பென்ஷன் உண்டு, அதில் சந்தேகமில்லை. கடைசிச் சம்பளத்தில் பாதி. அடிப்படை 34,300, மிலிட்டரி சர்வீஸ் பே 5,200, ஆக 39,500. அதில் பாதி 19,750, மேலே அகவிலைப்படி. 15 முடிக்க ஒரு மாதம் இருக்கும்போது எழுதிக் கொடுத்து வெளியே வந்தாலும் இந்த வண்டியைப் பிடிக்க முடியாது, அதனால் அவசரமே வேண்டாம். ஆனால் 15-ல் கிளம்பினால் 16-ம் ஆண்டு முடிவில் வரும் எம்ஏசிபி, அதாவது பதவி உயர்வு இல்லாவிட்டாலும் சர்வீஸ் காலத்துக்காகக் கொடுக்கிற சம்பள உயர்வு, போய்விடும். ஜவான்களுக்கு 8, 16, 24 ஆண்டுகளில் அது வருகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். 16-ல் ஹவில்தார் நிலைச் சம்பளத்துக்கு ஏறுவீர்கள். நடுவில் வரும் இன்க்ரிமென்டையும் சேர்த்தால் அடிப்படை 37,000 பக்கம் நிற்கும். பென்ஷன் 21,100. மாதம் 1,350 ரூபாய் கூடுதல், அதற்கு மேல் அகவிலைப்படி, ஆயுள் முழுக்க. ஓராண்டு பொறுத்ததற்கு அது நல்ல கூலி. எட்டாவது சம்பளக் கமிஷன் வந்து ரூபாய்கள் மாறலாம், ஆனாலும் 16-ம் ஆண்டைத் தாண்டி வருவதுதான் லாபம்.

இன்னொன்றை யூனிட்டில் யாரும் எடுத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரே பதவியில் ஒரே அளவு சர்வீஸ் போட்டவர்களுக்கு, எப்போது வெளியே வந்திருந்தாலும், ஒரே பென்ஷன் என்கிற ‘ஒரே பதவி ஒரே பென்ஷன்’ திருத்தத்தை 2022 டிசம்பரில் அரசு அறிவித்தபோது, 2014 ஜூலை 1-க்குப் பிறகு சொந்த விருப்பத்தில் முன்கூட்டியே வந்தவர்களைச் சேர்க்கவில்லை. நாயக்காக இருந்தால் நீட்டிப்போடு 24 ஆண்டு, ஹவில்தார் ஆனால் 26 ஆண்டு என்று உங்கள் சர்வீஸ் ஓடலாம். அதற்கு முன்னால் நீங்களே எழுதிக் கொடுத்து வருவது முன்கூட்டியே வருகிற கணக்கில்தான் சேரும். இதற்காக 24 ஆண்டும் இருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அப்போது உங்கள் மகள் ஒன்பதாம் வகுப்பில் இருப்பாள். ஆனால் எதை விட்டுவிட்டு வருகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு வாருங்கள். எங்கள் வீட்டுக்காரருக்கு அப்போது ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தாலும் என் நச்சரிப்பில் காதில் விழுந்திருக்காது.

என் யோசனை இது. வருகிற செப்டம்பரில் வராதீர்கள். யூனிட் இறங்கியதும் குவார்ட்டர்ஸுக்கு எழுதிப் போட்டுக் குடும்பத்தை அழைத்துக்கொள்ளுங்கள். மகளுக்கு 6 வயது ஆகப்போகிறது, கேந்திரிய வித்யாலயாவில் ஒன்றாம் வகுப்புக்குச் சரியான வயது. பின்னால் ஊருக்கு வந்தாலும் ராமநாதபுரத்திலும் மண்டபத்திலும் அதே பள்ளிகள் இருக்கின்றன. முன்னாள் படைவீரர் பிள்ளைகளும் அங்கே முதல் வரிசையில்தான் வருகிறார்கள். ஒரே ஒரு தொந்தரவு, தமிழ். எங்கள் மகள் செகந்திராபாத்தில் இருந்து வந்து, கடைக்காரரிடம் ‘பானி பாக்கெட்’ கேட்டு, ஊர்ப் பிள்ளைகள் ஒரு வருஷம் அவளைப் ‘பானி’ என்றே கூப்பிட்டார்கள். அரிச்சுவடியை வீட்டில் நீங்களே சொல்லிக்கொடுங்கள். அம்மாவிடம் விட்டுவிடாதீர்கள், நீங்களே.

பீஸில் கிடைக்கிற அந்த இரண்டு மூன்று ஆண்டில் இரண்டு காரியம் நடக்க வேண்டும். கேடரை முடியுங்கள், சுபேதார் சாப் சொல்வது சரி. இன்னொன்று, வெளியே வந்தால் என்ன வேலை என்பதை உள்ளே இருக்கும்போதே தேடுங்கள். பொதுத்துறை வங்கிகளில் கிளார்க் வேலையில் முன்னாள் படைவீரருக்கு 14.5 சதவீதம், கடைநிலைப் பணியில் 24.5 சதவீதம் ஒதுக்கீடு உண்டு. மத்திய அரசில் குரூப் சி-யில் 10 சதவீதம். தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் 5 சதவீதம். பத்தாவது முடித்து 15 ஆண்டு சர்வீஸ் போட்டவரை, தொழில்நுட்பம் கேட்காத குரூப் சி வேலைகளுக்குப் பட்டதாரிக்குச் சமமாக எடுத்துக்கொள்கிறார்கள். வயதிலும் சர்வீஸ் காலத்தைக் கழித்துக்கொள்வார்கள், ஆகையால் 36, 37 வயதில் வந்தால் கதவு மூடிவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். எங்கள் வீட்டுக்காரர் 2004-ல் ஒரு வங்கியில் ஆயுதக் காவலர் வேலைக்குப் போனார். பரமக்குடியில் கிளை. அன்றைக்கு இருந்துதான் பிள்ளைகளோடு ராத்திரிச் சாப்பாடு சாப்பிட்டார். வந்ததுமே அந்த வேலைக்கு முயன்றிருந்தால் நடுவில் மூன்று ஆண்டு வீணாகியிருக்காது. அவர் வரும்போது கையில் ஒரு விண்ணப்பமும் இல்லை, பெட்டியும் ஹோல்டாலும்தான் இருந்தன.

டிஎஸ்சி, அதாவது முன்னாள் படைவீரர்களை மறுபடி எடுத்துக்கொள்ளும் பாதுகாப்புக் காவல் படை, அதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஊரில் யாராவது ஆசை காட்டுவார்கள். அது மறுபடியும் சீருடை, மறுபடியும் எங்கே போடுகிறார்களோ அங்கே டூட்டி. அங்கே 15 ஆண்டு போட்டால் இரண்டாவது பென்ஷன் வரும், அது உண்மை. பிள்ளை வளர்ந்த பிறகு போகிறவருக்குச் சரி. உச்சிப்புளி கடற்படை விமானத் தளம் ‘ஐஎன்எஸ் பருந்து’ வாசலிலேயே டூட்டி வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இனி அம்மா விஷயம். நான் ரொம்ப நேரம் யோசித்தது இதற்குத்தான். ‘வரமாட்டேன்’ என்று அவர் சொல்வதில் கோழி, பனை, ஊர்க்கோயில், எல்லாம் இருக்கும். நம் ஊரில் கிணற்றுத் தண்ணீர் கரிக்கும். நல்ல தண்ணீர்க் குழாயில் எப்போது வருகிறது என்று காத்திருந்து பிடிக்க வேண்டும். மூட்டுவலிக்காரரால் குடம் தூக்க முடியாது. இப்போது உங்கள் மனைவிதான் தூக்குகிறார். அவர் கிளம்பிவிட்டால் யார் தூக்குவது? அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் அம்மாவைத் தனியாக விட்டுப் போக உங்கள் மனைவிக்கும் மனசு வராது. கூடப்பிறந்தவர் யாராவது பக்கத்தில் இருக்கிறாரா, சம்பளத்துக்கு ஆள் வைக்கலாமா, வாசலில் ஒரு தொட்டி கட்டி லாரித் தண்ணீர் விடலாமா, இதையெல்லாம் அடுத்த லீவில் முடித்துவிடுங்கள். மழைக்காலம் மூன்று மாதம் மட்டும் வந்து இருங்கள் என்று கேட்டால் ஒருவேளை இறங்கி வருவார். எங்கள் மாமியார் அப்படித்தான் ‘பத்து நாள்’ என்று வந்து, பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாளோடு கையாலேயே பேசி எட்டு மாதம் இருந்தார். சர்க்கரைக்கு அவர் உங்களைச் சார்ந்தவராகப் பதிவில் இருந்தால் மிலிட்டரி ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கலாம். வெளியே வந்த பிறகு ஈசிஹெச்எஸ் என்கிற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் இருக்கிறது. அதற்கு உங்கள் பதவிக்கு ஒரு தடவை 30,000 ரூபாய் பிடித்துக்கொள்வார்கள்.

கடைசியாக ஒரு காகித வேலை. மகன் பிறந்ததற்குப் பார்ட் டூ ஆர்டர், அதாவது குடும்ப விவரத்தை யூனிட் ஆவணத்தில் ஏற்றும் உத்தரவு, போட்டாயிற்றா? மனைவி பெயர் அதில் ஆதாரில் இருக்கிற மாதிரியே இருக்கிறதா? எங்கள் ஆவணத்தில் என் பெயரில் ஒரு எழுத்து குறைந்துபோய், அந்த ஓர் எழுத்துக்காக நான் ராமநாதபுரம் முன்னாள் படைவீரர் நல அலுவலகப் படியில் ஏறி இறங்கிய நாட்களைக் காலண்டரில் குறிக்கவில்லை. குறித்திருந்தால் 26-ஐத் தாண்டியிருக்கும்.

கேள்வி: நான் மிலிட்டரி நர்ஸிங் சர்வீஸில் கேப்டன். ஏழு ஆண்டு ஆகிறது. ஊர் தேவிபட்டினம் பக்கம். கணவர் ராமநாதபுரத்தில் பள்ளி ஆசிரியர். பெண் குழந்தைக்கு 11 மாதம். மகப்பேறு விடுப்பு முடிந்ததும் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு டூட்டிக்கு வந்துவிட்டேன். முதல் இரண்டு வாரம் வார்டில் வேறு யார் குழந்தை அழுதாலும் என் சட்டை நனைந்துவிடும். மாமியார், ‘பச்சைப்பிள்ளையை விட்டுட்டு எதுக்கு அந்த வேலை, எழுதிக் கொடுத்துட்டு வந்துரு’ என்கிறார். கணவர் ஒன்றும் சொல்வதில்லை. (ஒரு வாசகி)

பதில்: அம்மாடி, கடைசி வரியில் இருந்து ஆரம்பிக்கிறேன். கணவர் ஒன்றும் சொல்லாமல் இருப்பதை அப்படியே விட்டுவிடாதீர்கள். உங்கள் வேலையை விடலாமா என்று வீடே பேசுகிறது. அவர் சம்பளமில்லாத விடுப்புப் போட்டு ஆறு மாதம் உங்களோடு வந்து இருக்கலாமா என்று யாராவது பேசினார்களா? ஆசிரியருக்கு மே மாதம் இருக்கிறது, காலாண்டு, அரையாண்டு விடுமுறை இருக்கிறது. அந்த நாட்களுக்கெல்லாம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தாலே ஆண்டில் இரண்டு மாதம் தேறும்.

உங்கள் கையில் குழந்தை வளர்ப்பு விடுப்பு இருக்கிறது. பெண் அதிகாரிகளுக்கு மொத்த சர்வீஸில் 360 நாள், குழந்தைக்கு 18 வயது ஆகும் வரை. முன்பு ஒரு தடவைக்குக் குறைந்தது 15 நாள் எடுக்க வேண்டும் என்று இருந்தது, 2019-ல் அதை 5 நாளாக்கினார்கள். 2023 நவம்பரில் இந்த விடுப்பு விதிகளைப் பெண் சிப்பாய்கள், மாலுமிகள், விமானப்படைப் பெண்களுக்கும் அதிகாரிகளுக்கு இணையாக விரித்தார்கள். எடுத்தே தீருவேன் என்று நிற்க முடியாது, ஆள் இருப்பைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். அதனால் இப்போதே பேசி, மூன்று மாதம் ஒரே பிடியாகக் கேளுங்கள். மீதியைச் செலவழிக்காமல் வையுங்கள். காய்ச்சலுக்கு ஐந்து நாள், பள்ளிக்கூடம் சேர்க்கிற அன்று ஐந்து நாள், பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு ஒரு மாதம் என்று போகும். எல்லாவற்றையும் முதல் ஆண்டே தீர்த்துவிட்டு, பிள்ளை வயதுக்கு வந்த அன்று விடுப்பு இல்லாமல் நின்ற ஒரு மேஜரம்மாவை எனக்குத் தெரியும்.

ஏழு ஆண்டில் எழுதிக் கொடுத்தால் பென்ஷன் கிடையாது. அந்தச் சம்பளத்துக்கு ராமநாதபுரத்தில் எந்தத் தனியார் ஆஸ்பத்திரியிலும் வேலை கிடைக்காது என்பதை மாமியாரிடம் ரூபாய் கணக்காகவே சொல்லுங்கள், சில மாமியார்களுக்கு அதுதான் புரியும். இன்னொரு செய்தியும் சொல்லுங்கள். உங்கள் சர்வீஸிலேயே 1988-ல் கல்யாணம் செய்துகொண்டார் என்பதற்காக ஒரு லெப்டினன்டை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் விடாமல் வழக்காடி, 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவருக்கு 60 லட்ச ரூபாய் கொடுக்கச் சொன்னது. 36 ஆண்டு ஆயிற்று. நீங்கள் கல்யாணமும் செய்து, பிள்ளையும் பெற்று, அதே சீருடையில் நிற்கிறீர்கள்.

நனைந்த சட்டைக்கு என்னிடம் மருந்து இல்லை. மாரில் ஒரு துண்டை வைத்துக்கொண்டு வயல் வேலை பார்த்த என் அம்மாவும் மருந்து இல்லை என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் மாமியாருக்கும் வயதாகிறது. குழந்தையோடு அவரையும் மூன்று மாதம் கூட்டி வந்து வையுங்கள். உங்கள் வார்டை ஒரு தடவை வாசலில் நின்றாவது அவர் பார்க்கட்டும்.

கேள்வி: கணவர் கடலோரக் காவல்படையில் நாவிக், அதாவது மாலுமி. போர்பந்தரில் இருக்கிறார். நானும் மூன்று வயது மகனும் தங்கச்சிமடத்தில். போன மாதம் அவர் வந்து வாசலில் நின்றபோது மகன் உள்ளே ஓடிப்போய் போனை எடுத்துவந்து, அதில் இருந்த படத்தைக் காட்டி, ‘இதுதான் எங்க அப்பா, நீங்க யாரு?’ என்றான். அவர் அன்று சாப்பிடவில்லை. வேலையை விட்டுவிடுகிறேன் என்கிறார். (ஒரு வாசகி)

பதில்: அன்றைய கோபத்தில் எடுக்கிற முடிவு எதுவும் வேண்டாம் என்று சொல்லுங்கள். மண்டபத்திலேயே கடலோரக் காவல்படை நிலையம் இருக்கிறது. அங்கே மாற்றல் கேட்டு முறையாக எழுதிப் போடட்டும், கிடைக்க நாளாகும், ஆனாலும் வரிசையில் பெயர் இருக்கட்டும்.

பையன் விஷயம் அதைவிட எளிது. ‘போ, அப்பாகிட்ட போ, முத்தம் கொடு’ என்று பிடித்துத் தள்ளாதீர்கள். எங்கள் மகன் அப்பாவைப் பார்த்து அண்டாவுக்குப் பின்னால் போய் நின்றவன். இவர் அவனைக் கூப்பிடவே இல்லை. மறுநாள் காலையில் அடிபம்பில் தண்ணீர் அடித்துத் தானே குளிக்க ஆரம்பித்தார், சோப்பை வேண்டுமென்றே கைநழுவ விட்டார். சோப்பு அண்டா வரைக்கும் வழுக்கிக்கொண்டு போயிற்று. பையன் எடுத்து எட்ட நின்றே நீட்டினான். அடுத்த நாள் இரண்டு தடவை விழுந்தது. மூன்றாம் நாள் பம்பை இவன் அடித்தான், இவர் குனிந்து தலையைக் காட்டினார். லீவு முடிகிற வரைக்கும் அந்த வேலையை வேறு யாரையும் செய்ய விடவில்லை.

உங்கள் வீட்டில் பம்பு இல்லை என்றால் வாளி போதும். போனில் பேசும்போது முகத்தை மட்டும் காட்டாமல், கப்பல் ஷூ, தட்டு, படுக்கை எல்லாவற்றையும் காட்டச் சொல்லுங்கள். போனுக்கு வெளியேயும் அப்பாவுக்குக் கால் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிய வேண்டாமா?

அடுத்த இதழில் கேன்டீன் கார்டு பற்றிய கேள்விகள். ‘பக்கத்து வீட்டுக்காரருக்கு ரம் வாங்கிக் கொடுக்கலாமா?’ என்று கேட்டு எழுதியிருக்கிற மூன்று பேருக்கும் அதுவரை காத்திருக்க வேண்டாம்: கூடாது.